பெட்டிக்குள் பதினாறு செங்கல்

மூன்று வாரங்களாக என் காது போய்க்கொண்டிருந்தது. நான் பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இருந்தது ஒரு காதுதான். வலது காது பத்து வயதிலேயே சீழ் பிடித்துச் செவிப்பறை கிழிந்து, உள்காதும் செத்து, அன்றிலிருந்து பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீதி வாழ்க்கை முழுவதும் இடது காதில்தான் நடந்தது. நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் எனக்கு வேலை இருப்பதும் அந்தக் காதால்தான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டாரின் பேரிங் மீது வைத்து, பிடியை இடது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினால், உள்ளே சுற்றும் குண்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்லிவிடுவேன். "ஒத்தக்காது சொன்னா சரி" என்பார்கள் அங்கே. ஒத்தக்காது நான்தான். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

பழைய சாமான் கடையில் எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று. கூம்பில் கிழிசல் இல்லை, காந்தம் கனமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"ஜோடி எங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுதான் இருந்துச்சு."

"அதுவும் சரிதான். ஒத்தக் காதுக்கு ஒத்த ஸ்பீக்கர். கடைக்காரருக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க."

ஸ்பீக்கரை வெறுமனே மேஜை மேல் வைத்துப் பாட வைத்தால் அடிக்குரல் எழும்பாது. கூம்பு முன்பக்கம் தள்ளும் காற்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடிவிடும். அதனால் அதன் முதுகை ஒரு பெட்டிக்குள், ஊசிமுனை இடுக்குகூட இல்லாமல் அடைக்க வேண்டும். அடைத்த பிறகு உள்ளே சிக்கிய காற்று ஸ்பிரிங்காகிவிடுகிறது. பெட்டி சிறியது என்றால் ஸ்பிரிங் விறைத்துப்போய், எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு தொம் தொம் என்று நிற்கும். பெட்டி மிகப் பெரியது என்றால் கூம்பைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் அடிக்குரல் சோகையாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு உண்டு. அது ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும்.

இரண்டு மாலைகள் மல்டிமீட்டரோடு உட்கார்ந்து அளந்தேன். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். முப்பது லிட்டர் என்று வந்தது. முப்பது லிட்டர் காற்றோடு அடைத்தால், ஏறக்குறைய ஐம்பது ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒலி புடைப்பும் பள்ளமும் இல்லாமல் இறங்கும்.

ஆனால் நான் கணக்கை நம்பி வேலை கற்றவன் இல்லை. அதனால் பிளைவுட்டில் நாற்பது லிட்டருக்குப் பெட்டி செய்தேன். காந்தம் அடைக்கும் இடத்தைக்கூடக் கழித்த பிறகு நாற்பது. பின்பக்கம் ரப்பர் பட்டை ஒட்டிய பலகை, அதற்கு எட்டு ஸ்க்ரூ. பலகையைக் கழற்றி உள்ளே ஒரு செங்கல்லை வைத்தால் இரண்டு லிட்டர் காற்று குறையும். தூசு உதிராமல் இருக்க ஒவ்வொரு செங்கல்லையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி டேப் ஒட்டினேன். இப்படிச் செங்கல் செங்கல்லாகக் குறைத்துக்கொண்டே வந்து, காது எங்கே "சரி" என்கிறதோ அங்கே நிறுத்துவது என்று திட்டம்.

கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து செங்கல்லைச் சுமந்துகொண்டு படியேறியபோது மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொந்த வீடு கட்டலாம்னு இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன். கடைசில பெட்டிக்குள்ள கட்டுறீங்க. நடத்துங்க."

ஐந்து செங்கல் வைத்தேன். முப்பது லிட்டர். பாட்டைப் போட்டேன்.

பாடுகிறவரின் குரல் சுத்தமாக இருந்தது. தந்திகள் மின்னின. அவற்றுக்குக் கீழே ஒன்றும் இல்லை. தரை போடாத வீட்டில் ஆட்கள் அந்தரத்தில் நிற்பது போல இருந்தது. கணக்கு தப்பு என்று நினைத்தேன். மகிழ்ச்சியாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் ஏழு செங்கல். அடுத்த நாள் எட்டு. எட்டு ஸ்க்ரூவைக் கழற்றுவேன், வைப்பேன், எட்டையும் முறுக்குவேன், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவேன். தரை வரவில்லை.

இடது காது கொஞ்சம் அடைத்தாற்போல இருந்தது. குளிக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிவிட்டுக்கொண்டேன். தட்டினால் சரியாகவில்லை. அதைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கவும் இல்லை. கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறவரை சில கேள்விகள் நம்மிடம் வராது. அந்த நாட்களில் என் கையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

பதினோராவது செங்கல் வைத்த அன்று மனைவி தபால் நிலையத்திலிருந்து திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள்.

"என்னங்க இது, எல்லாரும் குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாடுற மாதிரி இருக்கு?"

"உனக்கு நல்ல சத்தம் கேட்டுப் பழக்கமில்ல."

அவள் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அவள் பதில் சொல்லாமல் இருப்பதற்குப் பல அர்த்தங்கள் உண்டு. அன்றைக்கு எது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பம்ப் ஹவுஸில் எனக்கு ஒரே ஒரு நண்பன். ஃபிட்டர். கையைக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது என்பதால் அவன் பெயர் கிரீஸ். இருபத்திரண்டு வருடப் பழக்கம். எண்ணெய்ப் பீப்பாயின் அடியிலிருந்து வருவது போன்ற குரல் அவனுக்கு. ஆறு மோட்டாரும் ஓடும்போதுகூட, அவற்றுக்கும் கீழே புகுந்து என்னை வந்து சேரும் ஒரே குரல் அது.

அந்த மூன்று வாரங்களில் அவன் மாறிவிட்டான் என்று எனக்குப் பட்டது. வாய்க்குள்ளேயே பேசினான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட எதையோ முணுமுணுத்துவிட்டு, நான் சிரிப்பேன் என்று எதிர்பார்ப்பவனைப் போலப் பார்ப்பான். இரண்டு முறை, மூன்று முறை "என்ன?" என்று கேட்க வேண்டியிருந்தது. போனில் பேசினால் மட்டும் பழையபடி தெளிவாக இருந்தான். நேரில் பேச அவனுக்கு என்னவோ தயக்கம் என்று நினைத்தேன். காரணத்தையும் நானே கண்டுபிடித்துக்கொண்டேன். பொறியாளர் மேடம் புதிதாக வாங்கிய அதிர்வு மீட்டரைப் பழகிக்கொள்ளச் சொல்லி அவனிடம்தான் கொடுத்திருந்தார். பேனா போல ஒரு கருவி. பேரிங் மேல் வைத்தால் எண் காட்டும். என் வேலைக்கு ஆப்பு வைக்க வந்த கருவி, அதுவும் என் நண்பன் சட்டைப்பையில்.

ஒரு நாள் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "ஏண்டா, வாயத் திறந்து பேசினா என்ன கொறஞ்சா போயிடுவ?"

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். உதடுகள் அசைந்தன.

"என்ன?"

"நான் திறந்துதாண்டா பேசுறேன்!" இந்த முறை கத்தினான். "நீ காதத் திறந்து வெச்சுக்க!"

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனான். ஐந்து நாட்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு மௌனம் புதிதில்லை. மௌனத்தில் நான் வசதியாகவே இருப்பவன். ஆனால் அவனோடு இருந்த மௌனம் எப்போதும் இரண்டு பேர் உட்கார்ந்த பெஞ்சாக இருந்தது. இப்போது பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன்.

அந்த வாரத்தில்தான் மேடம் நான்காம் நம்பர் பம்ப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, மீட்டர்ல நாலாம் நம்பர் கொஞ்சம் கூடுதலா காட்டுது. கழட்டிப் பாக்கணுமா? கழட்டினா ரெண்டு நாள் தண்ணி கொறையும். நீங்க ஒரு தடவ கேட்டுச் சொல்லிடுங்க."

கிரீஸ் தள்ளி நின்றுகொண்டிருந்தான். கையில் அந்தப் பேனா.

பேரிங் கெடத் தொடங்கும்போது கீச்சென்ற சத்தம் வரும். அது யார் காதுக்கும் தெரியும். மசகு போட்டால் அடங்கியும்விடும். அதற்குப் பிறகு, குண்டுகளைத் தாங்கும் கூடு உடைய ஆரம்பிக்கும்போது, அடியில் ஓர் உருளல் கேட்கும். தூரத்தில் வண்டி பாலம் கடப்பது போல. எனக்கு அங்கே பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த உருளல்தான்.

ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். கண்ணை மூடினேன். நான்காம் நம்பர் அவ்வளவு அமைதியாக ஓடி நான் கேட்டதே இல்லை. பட்டுத் துணி நழுவுவது போல மேலே ஒரு மெல்லிய சரசரப்பு. கீழே ஒன்றும் இல்லை.

"நல்லா ஓடுது, மேடம். ஓடட்டும்."

சொல்லிவிட்டுக் கிரீஸைப் பார்த்தேன். 'உன் பேனா என்ன சொல்லுது?' என்பது போல. அவன் தலையைக் குனிந்துகொண்டு பேனாவைச் சட்டைப்பையில் செருகினான். அவன் என்னை நம்பிவிட்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. கோபத்தில் இருந்தபோதும் நம்பினான். அந்த முகத்தை நான் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து எனக்கு வார விடுமுறை. பெட்டிக்குள் பதினாறு செங்கல் இருந்தன. எட்டு லிட்டர் காற்று. இனி ஒரு செங்கல் வைத்தால் ஸ்பீக்கரின் முதுகில் இடிக்கும். தரை இன்னும் வரவில்லை. எங்கோ காற்று கசிகிறது என்று முடிவு செய்தேன். வேறு காரணம் இருக்க முடியாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைபேசியிலிருந்து ஐம்பது ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் தனியாக ஓட விட்டேன். பாட்டு இல்லை, குரல் இல்லை, ஒரே ஒரு ஆழமான ஒலி. கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். கேட்கவில்லை. கூம்பைப் பார்த்தேன், அதன் ஓரம் மங்கலாகத் தெரிந்தது. விரல்நுனியை வைத்தேன். துடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரனின் நாடி போல வேகமாக, பலமாக.

ஒலியை நிறுத்திவிட்டுக் கசிவைப் பார்த்தேன். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கூம்பை இரண்டு கையாலும் மெதுவாக உள்ளே அழுத்தி விட வேண்டும். கசிவு இல்லையென்றால், அழுத்திப் பிடிக்கும்போது உள்ளிருக்கும் காற்று விடாமல் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். கசிந்தால் தள்ளல் மெல்ல மெல்ல ஓய்ந்துவிடும். நான் அழுத்தினேன். அது தள்ளியது. இருபது வரை எண்ணினேன். தள்ளிக்கொண்டே இருந்தது.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

திரும்பவும் ஒலியை ஓட விட்டேன். சமையலறையில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அது எனக்கு நன்றாகக் கேட்டது. தட்டுகள் ஏன் ஆடுகின்றன என்று யோசித்தேன். ஆடுவது கேட்கிறது. ஆட்டுவது எது?

"என்னங்க!" மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "அந்த ஊளைய நிறுத்துங்க! நெஞ்சுக்குள்ள வந்து அடைக்குது."

"உனக்குக் கேக்குதா?"

"இந்தத் தெருவுக்கே கேக்கும்."

கைபேசியில் எண்ணை மாற்றினேன். எழுபது. நூறு. அவள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே மாற்றினேன். நூற்றைம்பது. இருநூறு. அங்கேதான், மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ நடமாடுவது போல, ஏதோ ஒன்று எனக்கு வந்தது.

நிறுத்தினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாடி வீட்டு ஜெனரேட்டர் ஓடினா வழக்கமா கத்துவீங்க," என்றாள். "இந்த மாசம் ஒரு தடவகூடக் கத்தல. மனுஷன் திருந்திட்டார்னு நினைச்சேன்."

சிரிக்க வைக்கப் பார்த்தாள். என்னால் முடியவில்லை. அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் என்னை ஏமாற்றியிருக்கிறது. மேடத்தின் குரலும் அப்படித்தான். போனில் கிரீஸின் குரலும்கூட. அடிக்குரலை எல்லாம் வடிகட்டிவிட்டு மேலே மிதப்பதை மட்டும்தான் போன் கொண்டுவருகிறது. நேரில் அவன் பேசியதில் பாதிக்கு மேல் கீழே இருந்தது.

கீழே என்றதும் நான்காம் நம்பர் நினைவுக்கு வந்தது.

மணி இரண்டரை. பகல் ஷிப்டில் கிரீஸ்தான் இருப்பான். நான்காம் நம்பரின் தண்டு பம்பின் உறையை விட்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது, நாளை மறுநாள் பார்த்தால் போதும் என்று முந்தின நாள் அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். கிரீஸ் அதுவரை பொறுக்கிறவன் இல்லை. சொட்டை நிறுத்தும் நட்டை மோட்டார் ஓடும்போதேதான் முறுக்க வேண்டும். சுற்றுகிற தண்டுக்கு ஒரு சாண் தள்ளிக் கை இருக்கும். கையிலிருந்து இன்னொரு சாணில் பேரிங்.

போனை எடுத்தேன். பம்ப் ஹவுஸ் நம்பரைப் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. மனைவி சொல்கிறாள், ஒரு நிமிடம்கூட இருக்காது என்று. எனக்கு அது மிக நீளமாக இருந்தது. அதற்குள் நான் வேறு வழி தேடினேன் என்பதை மறைக்க மாட்டேன். வேறு ஏதாவது காரணம் சொல்லிப் பம்பை நிறுத்த முடியுமா, கரண்ட், வால்வு, எதையாவது. ஒத்தக்காது ஒத்தக்காதாகவே இருந்துவிட முடியுமா.

"ஹலோ." அவன்தான். தெளிவாக இருந்தான்.

"நான்தான். நாலாம் நம்பர நிறுத்து."

"என்னது? லீவுல இருந்துட்டு வீட்லேர்ந்து காது வைக்கிறியா?" ஐந்து நாள் கழித்துப் பேசுகிற முதல் பேச்சு. கோபம் இன்னும் இருந்தது. "நல்லா ஓடுதுன்னு நீதானே சொன்ன?"

"தப்பா சொன்னேன். நிறுத்து."

"ஸ்பேனரக் கையில எடுத்துட்டேன்டா. அஞ்சு நிமிஷ வேல."

"எடுத்தத கீழ வை."

"காரணம் சொல்லு. மேடம் கேட்டா நான் என்ன சொல்றது?"

"எனக்குக் காது கேக்கல," என்றேன். "அடி சத்தம் எதுவும் கேக்கல. மூணு வாரமா. நீ பேசுறதும் கேக்கல. நீ வாய்க்குள்ள பேசல. நான்தான்..."

எதிர்முனையில் மோட்டார்களின் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு ரிசீவரை மேஜைமேல் போடும் சத்தம். நான் காத்துக்கொண்டிருந்தேன். ஓர் இரைச்சல் குறைந்ததா இல்லையா என்பதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

"நிறுத்திட்டேன்," என்றான் திரும்பி வந்து. இருவரும் போனை வைக்கவில்லை.

மறுநாள் நான்காம் நம்பரைத் திறந்தார்கள். பேரிங் கூடு மூன்று துண்டாகக் கிடந்தது. இரண்டு குண்டுகள் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்று மேடம் கேட்டார். யாராலும் சொல்ல முடியவில்லை. கிரீஸ் ஒரு துண்டை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தான்.

"கடைசியா யார் காது வெச்சுக் கேட்டது?" என்றார் மேடம். அவருக்குத் தெரியும். படிவத்தில் எழுதுவதற்காகக் கேட்டார்.

"நான்தான் மேடம்."

காது டாக்டர், இடப்பக்கம் அடிக்குரலும் வலப்பக்கம் கீச்சுக்குரலுமாகப் போட்ட வரைபடத்தைக் காட்டினார். வயதானவர்களுக்குக் கோடு வலப்பக்கம் சரியும், எனக்கு இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்றார். உள்காதில் நீர் கட்டுகிற கோளாறு. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வந்து வந்து போகும். மாத்திரை கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். எனக்கு எந்த வகை என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். நான் இப்போது ஸ்டோர் அறையில் இருக்கிறேன். நட்டு, போல்ட், பேரிங் பெட்டிகள். எல்லாவற்றிலும் அளவு அச்சடித்திருக்கும். எதையும் காதில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை கிரீஸ் வீட்டுக்கு வந்தான். அவனே பெட்டியின் முன்னால் குந்தினான். அதைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னான்.

"என்ன?"

இன்னொரு முறை சொன்னான். கத்தவில்லை. கத்த வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு வந்தவன் போல இருந்தான். கேட்கவில்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

பிறகு அவன் எழுந்து, வாசற்படி வரை போய் நின்றுகொண்டு, கைபேசியை எடுத்தான். என் சட்டைப்பையில் மணி அடித்தது.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது."

"எத்தன கல்லு இருக்கு உள்ள?"

"பதினாறு."

"ஏண்டா, அது பாட்டுப் பாடணுமா, அஸ்திவாரம் தாங்கணுமா? கழட்டு."

ஸ்க்ரூவை நான் கழற்றினேன். ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினேன். அவன் பத்தடி தள்ளி, கைபேசியைக் காதோடு வைத்தபடி பாட்டைக் கேட்டான். மனைவி சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்தில் "பீப்பா" என்றான். எட்டில் "கொஞ்சம் தேவலாம்" என்றான். ஐந்தில் வெகுநேரம் நின்றான். ஐந்துதான் கணக்கு என்று நான் சொல்லவில்லை. அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் அந்தரத்தில் நிற்கும் குரல்தான்.

"ஒண்ணு திரும்ப வையி," என்றது போன்.

வைத்தேன். எட்டு ஸ்க்ரூவையும் முறுக்கினேன்.

"ஆறு," என்றான். "இங்கதான்டா இருக்கு."

இருபத்திரண்டு வருடத்தில் அவன் ஒரு பாட்டைக்கூடச் சுருதி சேர முணுமுணுத்து நான் கேட்டதில்லை. கணக்கு ஐந்து என்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன். பலகைக்குள் ஏதோ நடந்து போய்க்கொண்டிருந்தது.

"ஆறுதான்," என்றேன். போனை வைக்கவில்லை.